பொத்தைக்கு எத்தனை மார்க்?

எய்யா,

உன் கடிதம் நேற்று பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டது. வீட்டில் ஆளில்லை என்று தபால்காரர் வகுப்பு வாசலில் வந்து நீட்டினார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பூசணிக்காய் வரைந்துகொண்டிருந்தார்கள், நான் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து உன்னை வாசித்துக்கொண்டிருந்தேன். வேலையில் சேர்ந்த கையோடு உன்னை எங்கோ வடக்கே மலைக்காட்டுக்குள் அனுப்பிவிட்டார்களே என்று எனக்கு வருத்தம்தான். ஆனால் நீ செய்யப்போகிற வேலையைப் படித்ததும் வருத்தம் போய் வேடிக்கை பார்க்கிற புத்தி வந்துவிட்டது. அந்தப் பள்ளத்தாக்கில் அணை வரப்போகிறது. மற்றவர்கள் பாறையையும் தண்ணீரையும் அளக்கிறார்கள். தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் அந்த இடம் பார்க்க எப்படி இருக்கிறது, அதில் காப்பாற்ற வேண்டியது என்ன இருக்கிறது என்று எழுதும் வேலை உன் தலையில் விழுந்திருக்கிறது. "அழகை எப்படி அம்மா எழுதுவது? நீ டிராயிங் டீச்சர், உனக்குத் தெரிந்திருக்குமே" என்று கேட்டிருக்கிறாய். கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை. நிஜம் என்றே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதே வேலையை நான் ஒருதரம் செய்திருக்கிறேன். அப்போது நீ பாளையங்கோட்டை ஹாஸ்டலில் இருந்தாய். உனக்கு எழுதிய கடிதத்தில் எல்லாம் சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்பதுதான் இருந்திருக்கும். இந்தக் கதையை எழுதினதில்லை.

அந்த வருஷம் பங்குனியில் மதராசிலிருந்து ஓர் என்ஜினியர் தென்காசிக்கு வந்தார். குற்றாலத்துக்குச் சீசனுக்கு வருகிறவர்கள் தங்க ஒரு விடுதி கட்டுவதாகப் பேச்சு. அதற்கு இடம் பார்க்க வந்தவர். வெள்ளைக் கான்வாஸ் செருப்பும் கறுப்புக் குடையுமாக, எதைக் கண்டாலும் "இது என்ன, அது ஏன்" என்று கேட்கிற மனுஷர். மூன்று இடங்களைப் பார்த்து வைத்திருந்தார்கள். ஒன்று பெரிய அருவிக்குப் பக்கத்துக் கடைத்தெரு. இன்னொன்று ரோட்டோரத்து மாந்தோப்பு. மூன்றாவது, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் சிற்றாறு வளைகிற இடத்தில் நிற்கும் பொத்தை, ஆடு மேய்கிற அந்த மொட்டைப் பாறைக் குன்று. ரோடு, தண்ணீர், மண் என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போட அவரிடம் தாள் இருந்தது. அதன் ஓரத்தில் அவரே கையால் கோடு போட்டு "காட்சி" என்று ஒரு கட்டம் சேர்த்திருந்தார். "பார்க்கிறதுக்குத்தானே டீச்சர் இங்க வராங்க? அதுக்கு ஒரு மார்க் இல்லைன்னா எப்படி?" என்றார். கேமராவும் கொண்டுவந்திருந்தார், ஆனால் பங்குனி வெக்கையில் வானமும் மலையும் ஒரே வெளுப்பாகிப் போட்டோவில் மலையே விழவில்லை. மூன்று இடத்திலிருந்தும் தெரிவதை யாராவது வரைந்து தர முடியுமா என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் வந்து கேட்டார். தலைமை ஆசிரியை என்னைக் கைகாட்டிவிட்டார். பூசணிக்காய்க்கும் செம்பருத்திக்கும் மார்க் போட்டே பழகியவள் நான். மலைக்கு மார்க் என்றதும் சிரிப்பு வந்தது, அதோடு ஆசையும் வந்தது.

அவர் இன்னொன்றும் சொன்னார். "ஊர்க்காரங்ககிட்டயும் கேளுங்க, எங்கேருந்து பார்வை நல்லா இருக்குன்னு." நான் அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டு போய் மேலகரம் முக்கில் டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "அண்ணாச்சி, இங்கன பார்வை எங்க நல்லாருக்கும்?" அவர் கிளாசை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பார்வைக்கா? குத்துக்கல்வலசையில ஒருத்தரு இருக்காரு, கைராசியான ஆளு. என்ன கடிச்சுது டீச்சர்?" என்றார். நம் பக்கத்தில் பார்வை என்றால் விஷக்கடிக்கு மந்திரித்துப் பார்ப்பது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பி வந்திருக்கலாம். உன் அம்மாவுக்கு அந்தப் புத்தி கிடையாதே, போய்த்தான் பார்ப்போமே என்று போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, இமையை இழுத்துப் பார்த்து, "விசம் ஒண்ணும் இல்ல, உடம்பு சூடுதான்" என்று சொன்னார். நான் வந்த காரியத்தை விளக்கினேன். "மலை எங்கருந்து நல்லாத் தெரியும்னு கேக்கியளா? மலை எங்க போவும், அங்கனயேதான் கிடக்கும்" என்றார். அவருக்கு என்மேல் கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

வெளியே வரும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அவர் வீட்டு மேற்குச் சுவரில் ஜன்னலே இல்லை. அடுத்த வீட்டிலும் இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் நம் வீட்டிலும் இல்லை. ஆனி ஆடியில் கணவாய் வழியாக வருகிற காற்றும் சாரலும் வீட்டுக்குள் வந்து விழும் என்று மேற்கே யாரும் திறப்பு வைப்பதில்லை. எங்கெங்கோ இருந்து ஜனங்கள் பார்க்க வருகிற மலைக்கு நாம் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு குடியிருக்கிறோம். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறேன், இது எனக்குத் தோன்றவே இல்லை. என்ஜினியரிடம் சொன்னபோது அவர் நின்ற இடத்திலேயே திரும்பித் திரும்பி ஒவ்வொரு வீட்டுச் சுவராகப் பார்த்தார். பிறகு, "சீசன்ல பொத்தை மேலேருந்து மலை தெரியுமா?" என்று கேட்டார். சாரல் இறங்கிவிட்டால் சில நாளைக்கு மலை இருப்பதே தெரியாது சார், வெறும் வெள்ளைதான் என்றேன். "அப்போ அந்த வெள்ளைக்கு எத்தனை மார்க்?" என்றார். ஆனியில் ஒருதரம் வந்து பார்க்கிறேன் என்று குறித்துக்கொண்டார். எய்யா, நீயும் அந்தப் பள்ளத்தாக்கை ஒரு காலத்தில் மட்டும் பார்த்துவிட்டு எழுதாதே. முடிந்தால் மழையிலும் போய் நில். முடியாவிட்டால், மழையில் பார்க்கவில்லை என்பதையாவது எழுது.

கடைத்தெருப் படமும் மாந்தோப்புப் படமும் சீக்கிரம் முடிந்தன. கடைத்தெருவில் அருவி தெரிந்ததைவிடத் தகரக் கூரைகள்தான் அதிகம் தெரிந்தன. மாந்தோப்பில் மாமரம் தெரிந்தது. பொத்தையில் ஏறியபோதுதான் எனக்கு மூச்சு நின்றது. நான் அதுவரை அதில் ஏறினதே இல்லை. மலைத்தொடர் முழுசாக எதிரே கிடந்தது, அடியில் அறுப்பு நடக்கிற மஞ்சள் வயல், வயலுக்கு நடுவே சிற்றாறு, ஆற்று வளைவில் மருதமரக் கூட்டம். மருதமரங்களுக்கு நடுவில் ஓர் இடைவெளி, அதற்குள் பளிச்சென்று தண்ணீர். பாறை நிழலில் உட்கார்ந்து சாயங்காலம் வரை வரைந்தேன். கடைசியில், பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொல்லிக்கொடுப்பதைச் செய்தேன். மலை பெரிதாகத் தெரியவேண்டுமென்றால் அடியில் சின்னதாக ஆள் வை என்பேனே, அது. அந்த இடைவெளியில் தண்ணீருக்குள் நின்றவர்களை நாலைந்து கோடாக இழுத்தேன். படம் அப்படியே எழுந்து நின்றது. என்ஜினியர் பார்த்துவிட்டு, "இந்த ஆட்கள்தான் டீச்சர் படத்துக்கே உயிர். விடுதி வராந்தாவில் உட்கார்ந்தா இதுதானே தெரியும்" என்று பத்துக்குப் பத்து போட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தக் கோடுகள் யார் என்று உனக்குச் சொல்லவேண்டும். அது பொம்பளைகள் குளிக்கிற துறை. மூன்று பக்கம் மருதமரம், நாலாவது பக்கம் ஆளில்லாத பொத்தை. வயல் வேலை முடிந்து, அறுப்புக் காலத்தில் வைக்கோல் சுணையோடும் நடுகைக் காலத்தில் முழங்கால் சேற்றோடும் வருகிறவர்கள், மேல்சேலையைக் கழுவிக் கல்லில் விரித்துவிட்டு நிம்மதியாகக் கிடக்கிற இடம். ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. உன் அப்பா தவறிப்போன வருஷம் நான் அங்கேதான் போனேன். வீட்டுக் கிணற்றடியில் குளித்தால் யாராவது வந்து துக்கம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், எனக்கு அழக்கூட இடமில்லாமல் இருந்தது. துறையில் இசக்கி என்று ஒருத்தி, குத்தகைக்கு வயல் வைத்திருந்தவள், என்னைவிட இரண்டொரு வயது மூத்தவள். நான் முதல் நாள் போய் நின்றபோது ஒன்றும் கேட்காமல் நகர்ந்து இடம் விட்டாள். கையில் கொஞ்சம் சீயக்காயைத் தட்டிவிட்டுத் தன் பேச்சைத் தொடர்ந்தாள். அந்த வருஷம் முழுக்க நான் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து அழுதேன். முகம் நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. அந்தத் துறை இல்லாவிட்டால் நான் திரும்பப் பள்ளிக்கூடம் போய் உன்னைப் படிக்கவைத்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

அப்படிப்பட்டவர்களைத்தான் நான் மலைக்கு அளவாக நாலு கோடாக இழுத்திருந்தேன். இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. படத்தின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு பெருமையாக இசக்கியிடம் காட்டப் போனேன். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வெகு நேரம் பார்த்தாள்.

"இதுல நான் எது டீச்சரம்மா?"

ஒரு கோட்டைக் காட்டினேன்.

"இம்புட்டுதானா தெரியுதோம்?" என்று சிரித்தாள். பிறகு பொத்தையை நிமிர்ந்து பார்த்தாள். "இம்புட்டாவது தெரியுதுல்லா" என்றாள்.

அங்கே கட்டடம் வரலாம் என்றேன். அவள் துணியைப் பிழியத் தொடங்கினாள். நான்தான் விடாமல் பேசினேன். பெரிய அருவியில் சீசனுக்கு எத்தனை ஜனம், ஆணும் பெண்ணும் ஒரே தண்ணீரில்தானே நிற்கிறோம், நீயே போய்க் குளிக்கிறாயே, யாராவது வெட்கப்படுகிறோமா என்று கேட்டேன். கட்டடத்துக்கு வக்காலத்து இல்லை எய்யா, எனக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"அருவி வேற, துறை வேற" என்றாள் இசக்கி. "அங்கன பாக்குதவனும் நனைஞ்சுல்லா நிக்கான்."

அன்றிலிருந்து எனக்கு ஒரு குறுகுறுப்பு. வராந்தாவில் சட்டை போட்டு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு பார்க்கிறவனுக்குத் தெரியப்போவது நாலு கோடுதான். முகம் தெரியாது, ஒன்றும் தெரியாது. அது நிஜமாகவே இவர்களைத் தொந்தரவு செய்யுமா, அல்லது கொஞ்ச நாளில் பழகிவிடுமா? நானும் துறையில் இறங்கி அங்கிருந்து பொத்தையைப் பார்த்துப் பார்த்து வந்தேன், வெறும் பாறைதான் தெரிந்தது.

ஆனியில் என்ஜினியர் சொன்னபடி வந்தார். வந்த அன்று சாரல், மலையைக் காணோம். அவர் வெறும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு குடைக்குள் நின்றார், அலுக்கவே இல்லை. மறுநாள் வானம் வெளிவாங்கி இளவெயில் அடித்தது. பொத்தை மேல் கட்டடம் எழும்பினால் கீழிருந்து எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்கு அவர் ஒரு யுக்தி வைத்திருந்தார். வராந்தா வருகிற உயரத்துக்கு மூங்கில் கழி நட்டு அதில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிடுவது, கீழே போய் எங்கெங்கிருந்து வேட்டி தெரிகிறது என்று பார்ப்பது. அவரும் நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கிற ஆளும் மேலே போனார்கள். கீழிருந்து வரைகிறேன் என்று சொல்லி நான் துறைக்குப் போனேன். என் மனதில் இருந்ததை அவரிடம் சொல்லவில்லை, ஏனென்றால் என்ன நடக்கும் என்று எனக்கே தெரியாது.

வேட்டி ஏறியது. துறையில் எந்தப் படியில் நின்றாலும் அது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் நடுகை முடிந்து பெண்கள் வந்தார்கள். முதலில் வந்தவள் சேற்றுக் காலைத் தண்ணீரில் வைத்தவள் அப்படியே நின்றாள்.

"ஏட்டி, மேல ஆளு நிக்கானோ?"

"ஆளு இல்லட்டி, துணி."

"துணி தானா ஏறுமா? கீழ ஆளு இருக்கும்லா."

ஒருத்தி மருதமரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். இரண்டு பேர் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு கிளம்பினார்கள். இசக்கி கடைசியாக வந்தாள். வேட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், படம் வரைகிற பலகையைப் பார்த்தாள். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை. கரையில் உட்கார்ந்து காலில் சேறு காய்கிற வரை இருந்துவிட்டு, கையால் உதிர்த்துக்கொண்டு, "வாரேன் டீச்சரம்மா" என்று எழுந்து போனாள். நான் அந்தக் கரையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். என்ஜினியரோ அவர்கூட மேலே நின்ற ஆளோ ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை, ஒரு கெட்ட எண்ணம் நினைக்கவில்லை. ஒரு வேட்டிதான் கட்டினார்கள்.

என்ஜினியர் இறங்கி வந்தார். கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. முகத்தில் ஏமாற்றம்.

"இன்னைக்கு வயல் வேலை இல்லையா டீச்சர்? கீழே ஒருத்தரையும் காணோமே. படத்துல இருந்தாங்களே."

"வந்தாங்க சார்" என்றேன். "நீங்க மேல இருந்தீங்க."

அவருக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. திரும்பி வேட்டியைப் பார்த்தார், படிகளைப் பார்த்தார், படியில் அரைகுறையாகக் கிடந்த ஈரக் கால்தடங்களைப் பார்த்தார். "நீங்க வரைஞ்சப்போ மட்டும் எப்படி இருந்தாங்க?" என்றார். நான் பாறை நிழலில் இருந்தேன், அவர்கள் என்னைக் கண்டிருந்தாலும் நான் இதே துறையில் குளிக்கிற ஆள்தானே என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். ரோடு, தண்ணீர், மண் எல்லாம் நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அப்படியே இருக்கும், இது ஒன்று மட்டும் பார்க்க உட்கார்ந்தால் கலைந்துவிடுகிறதே, இதற்கு என்ன செய்வது என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். பத்தை அழித்துவிடுங்கள் சார் என்றேன், கொஞ்சம் அவசரமாகவே சொல்லியிருப்பேன். "அது பொய்யாயிடும் டீச்சர். பத்து பத்துதான்" என்றார். பிறகு அந்தத் தாளில் பத்துக்குக் கீழே, "இங்கே கட்டடம் கட்டினால் இந்த மார்க் செல்லாது" என்று எழுதி என்னிடம் காட்டினார். அந்த ஒரு வரிக்காக அவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

விடுதி மாந்தோப்பில்தான் வந்தது. மேலதிகாரிகள் அவருடைய வரியைப் படித்துத்தான் முடிவு செய்தார்களா, பொத்தைக்குத் தண்ணீர் ஏற்றுவது சிரமம் என்று விட்டார்களா, எனக்குத் தெரியாது. பெருமை அடித்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அங்கே வந்து தங்குகிறவர்கள் ஜன்னலைத் திறந்தால் மாமரம்தான் தெரிகிறது என்று முணுமுணுப்பதாகக் கேள்வி. துறை அப்படியே இருக்கிறது. வேட்டியை இறக்கிய மறுநாளே இசக்கி வந்து குளித்தாள், நானும் போனேன், அவள் பழையபடி சீயக்காய் தட்டிவிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் நாங்கள் எல்லோரும் ஒருதரம் மேலே பார்த்துக்கொள்கிறோம். முன்பு அந்தப் பழக்கம் கிடையாது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் சங்கடமாக இருக்கிறது.

இவ்வளவையும் உனக்கு ஏன் எழுதினேன் என்றால், உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. அழகாகத்தான் எழுதியிருக்கிறாய். காலையில் ஜீப்பை மேட்டில் நிறுத்திவிட்டுப் பார்த்தபோது பள்ளத்தாக்கு முழுவதும் பனி விலகிக்கொண்டிருந்தது, ஆற்றங்கரையில் எங்கோ ஒரு புகை மட்டும் எழுந்தது, மற்றபடி மனுஷ நடமாட்டமே இல்லாத சொர்க்கம் அம்மா என்று எழுதியிருக்கிறாய். நான் அந்த வரியை நேற்றிலிருந்து திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். புகை தானாக எழும்புமா, எய்யா? ஜீப்பின் சத்தம் உன்னைவிட முன்னால் கீழே போய்ச் சேர்ந்திருக்கும். நாளைக்கு ஜீப்பை விட்டுவிட்டு நடந்து இறங்கு. தொப்பியையும் கழற்றிவிடு. புகை வந்த இடத்துக்குப் போய், அவர்கள் உன்னோடு பேசுகிற வரை உட்கார்ந்திரு, ஒரு நாளில் பேசாவிட்டால் மறுநாளும் போ. அழகைப் பற்றி அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம், அதற்கு உன்னிடம் வார்த்தை இருக்கிறது. நடமாட்டமே இல்லை என்ற அந்த வரியை மட்டும் அறிக்கையில் வைத்துவிடாதே. வைத்துவிட்டால், தண்ணீர் ஏறுகிற அன்றைக்கு அங்கே யாரையும் கூப்பிட்டு எழுப்ப மாட்டார்கள்.

உன் அம்மா